கழித்தல் குறியால் வந்த வினை

(தேனாம்பேட்டையில் நடைபெற்ற பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. செயலாளர் விடாமல் கேட்டதால் மலருக்காக எழுதித் தரப்பட்டது. பேச்சில் வந்த கொச்சையை அப்படியே விட்டிருக்கிறேன்; வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.)



முதல் வரிசையில் எங்கள் கணிதப் பேராசிரியர் ஐயா உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் எனக்குக் கை லேசாக நடுங்குகிறது. மூன்று வருஷம் என் விடைத்தாள்களில் ஐயா செலவழித்த சிவப்பு மையில் முக்கால் பங்கு என்னுடைய கழித்தல் குறிகளுக்கே போயிருக்கும். சமன்பாட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோகும்போது நான் மைனஸை வழியில் எங்கேயாவது தொலைத்துவிடுவேன். "டேய், இந்த மைனஸ் ஒருநாள் உன்னைத் தேடி வரும்டா" என்பார். வந்தது, ஐயா. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மண்டபத்திலிருந்து பத்து நிமிஷ நடையில், இதே தேனாம்பேட்டையில்தான் வந்தது. 2009 ஜனவரியில்.

'கணிப்பொறித் துறையில் என் அனுபவங்கள்' என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். அனுபவங்கள் என்று பன்மையில் சொன்னால் உங்கள் சாப்பாடு ஆறிப்போகும். ஒரே ஒரு அனுபவம் சொல்கிறேன். அதுவும் பெருமைப்படக் கூடியது இல்லை.

1994ல் இங்கிருந்து கணிதம் முடித்துப் போனபோது எங்கள் பேட்ச்சில் ஒருவருக்கும் ஈமெயில் முகவரி கிடையாது. 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான் வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தது. அதற்கு முன்னால் இந்த ஊரில் ஈமெயில் என்றால் எர்நெட் கட்டமைப்பில் இருந்த ஐ.ஐ.டி. மாதிரி சில இடங்கள்தான். நான் ஊர் சுற்றி, நாலு வேலை பார்த்து, 2003ல் தேனாம்பேட்டையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அண்ணாசாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் மூன்று மாடி. நூற்றிச் சொச்சம் பேர். இப்போது மாதிரி மெட்ரோவில் வந்து இறங்கும் சௌகரியமெல்லாம் அப்போது கிடையாது. தேனாம்பேட்டை ஸ்டேஷன் திறந்ததே பல வருஷம் கழித்துத்தான். டி.எம்.எஸ். ஸ்டாப்பில் இறங்கி, வேர்த்து விறுவிறுத்து நடந்து போனால், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ஏ.சி. அறை. அதில்தான் எங்கள் மெயில் சர்வரும் நானும் குடியிருந்தோம். ஏ.சி. எனக்காகப் போட்டதில்லை என்பதை அடிக்கடி ஞாபகப்படுத்துவார்கள்.

மெயில் சர்வர் என்றால் என்ன என்று கேட்கும் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஹாஸ்டல் ஆபீசில் தபால் பெட்டி இருந்ததே, ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு அறை, ஞாபகம் இருக்கிறதா? அதுதான். வித்தியாசம், இங்கே சில அறைகளைப் பலர் சேர்ந்து பார்ப்பார்கள். 'விற்பனை விசாரணை' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் விற்பனைப் பிரிவு முழுவதும் அதைத் திறக்கலாம். 'சம்பளம்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தால் இரண்டே பேர்தான் திறக்கலாம். எந்த ஃபோல்டரை யார் என்ன செய்யலாம் என்று ஒரு பட்டியல் சர்வரில் இருக்கும். அனுமதிப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பட்டியல் பார்ப்பதற்குப் பரம சாது. ஒரு வரியில் ஒரு பெயர், பக்கத்தில் சில எழுத்துகள். 'எல்' என்றால் ஃபோல்டர் இருப்பது கண்ணுக்குத் தெரியும். 'ஆர்' என்றால் உள்ளே படிக்கலாம். 'ஐ' என்றால் உள்ளே ஒன்றைப் போடலாம். 'ஏ' என்றால் இந்தப் பட்டியலையே மாற்றலாம். இது ஒரு கம்பெனியின் சொந்தச் சரக்கு இல்லை. 1997ல் இணைய உலகத்துக்குப் பொதுவாக எழுதி வைத்த விதி. அதில் 'டி' என்று ஒரே எழுத்து இருந்தது. ஒரு கடிதத்தை அழிப்பதா, அழித்ததை ஒரேயடியாகக் குப்பையில் கொட்டுவதா, ஃபோல்டரையே நீக்குவதா என்று ஆளுக்கு ஒரு அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். 2005 டிசம்பரில் விதியைத் திருத்தி, அந்த ஒரு எழுத்தின் வேலையைத் தனித்தனி எழுத்துகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எட்டு வருஷம் ஒரு எழுத்துக்கு என்ன பொருள் என்று குழம்பிக்கொண்டிருந்தது உலகம். உரையாசிரியர்களைப் பாடமாகப் படித்த நமக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

சரி, கழித்தல் குறிக்கு வருகிறேன். பட்டியலில் ஒரு பெயருக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டால், "இவருக்கு இந்த உரிமை இல்லை" என்று பொருள். 'கணக்குப் பிரிவு எல்லாரும் படிக்கலாம்' என்று ஒரு வரி. அடுத்த வரியில் மைனஸ் போட்டு ஒருவர் பெயர். எல்லாரும் வாங்க, பெரியப்பா மட்டும் வேண்டாம் என்கிற மாதிரி.

எங்கள் சர்வரில் ஓடிய மென்பொருளுக்கு டவ்காட் என்று பெயர். பின்லாந்துக்காரரான டிமோ சிரைனன் எழுதி, 2002ல் இலவசமாக வெளியிட்டது. இன்றைக்கும் உலகமெங்கும் ஏராளமான மெயில் சர்வர்களில் ஓடுகிறது. பாதுகாப்பை முதலில் யோசித்துக் கட்டிய மென்பொருள் என்று அதற்குப் பெயர். நானும் அதற்காகத்தான் அதைப் போட்டேன். இன்றும் யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். 2008 நடுவில் அதன் 1.1 பதிப்புக்கு மாறினேன்.

அந்த வருஷம் செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்தது. எங்கோ நியூயார்க்கில் விழுந்த பாங்கு தேனாம்பேட்டையில் எங்கள் தலையில் எப்படி விழும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். விழுந்தது. டிசம்பருக்குள் ஆர்டர்கள் பாதியாகிவிட்டன. ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எங்கள் பெர்சனல் மேனேஜர் மாடிப்படிக்குக் கீழே வந்தார். அவர் அங்கே வருவதே அபூர்வம். கதவைச் சாத்தினார்.

"ஒரு புது ஃபோல்டர் வேணும். யார் யாரை அனுப்பப் போறோம்ங்கிற லிஸ்ட் அதுல வரும். கணக்குப் பிரிவு பார்க்கணும், செட்டில்மென்ட் போடணும் இல்லையா. ஆனா அவங்கள்ல ஒருத்தன் பேரும் லிஸ்ட்ல இருக்கு. அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது."

கணக்குப் பிரிவில் மொத்தமே நாலு பேர். நான் என்ன செய்திருக்க வேண்டும்? மூன்று பேர் பெயரை எழுதி, இவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று மூன்று வரி போட்டிருக்க வேண்டும். நான் செய்தது, ஏற்கெனவே இருந்த 'கணக்குப் பிரிவு' என்ற குழுவுக்கு ஒரு வரி, அடுத்த வரியில் மைனஸ் போட்டு அந்தத் தம்பியின் பெயர். இரண்டே வரி. ஒரு வரி மிச்சம் பிடித்தேன். சோதித்துப் பார்த்தேனா? இல்லை. ஒரு பொய்ப் பெயரில் கணக்கு ஆரம்பித்து, அதற்கும் மைனஸ் போட்டுத் திறந்து பார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். மணி ஆறே முக்கால். எனக்கு பஸ் பிடிக்க வேண்டும்.

சனிக்கிழமை அந்தத் தம்பியின் கம்ப்யூட்டரில் வைரஸ் என்று, என் உதவியாளர் அதை சுத்தமாகத் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். புதிதாகப் போட்டால் மெயில் புரோகிராம் என்ன செய்யும்? சர்வரிடம் போய், "இவருக்கு என்னென்ன ஃபோல்டர் உண்டு, எல்லாவற்றையும் கொடு" என்று கேட்கும். சர்வர் கொடுத்தது.

திங்கட்கிழமை காலை பத்தரைக்கு வந்து, "சார், ஒரு டீ சாப்பிட்டு வரலாமா?" என்றார். எல்டாம்ஸ் ரோடு பக்கம் நடந்தோம். டீ வந்து, பாதி குடித்தும் ஆயிற்று. அவர் வாயைத் திறக்கவில்லை. பிறகுதான் சொன்னார்.

"சார், என் மெயில்ல ஒரு ஃபோல்டர் புதுசா வந்திருக்கு. எனக்கு வர வேண்டியது இல்லைன்னு நினைக்கிறேன்."

எனக்கு டீ தொண்டையில் நின்றுவிட்டது.

"திறந்தியா?"

"திறந்தேன் சார். எனக்கு வந்ததுன்னு நினைச்சுத்தான் திறந்தேன். முதல் மெயில்லயே என் பேரைப் பார்த்தேன். மூடிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத்தான் சார் அட்வான்ஸ் கொடுத்து நங்கநல்லூர்ல வீடு மாறினேன்" என்றார். அவ்வளவுதான். வேறு யாரிடமும் சொல்லவில்லை என்றார். அதையும் நான் கேட்காமலே சொன்னார்.

ஓடிவந்து பட்டியலைப் பார்த்தேன். மைனஸ் இருந்தது, ஐயா! இந்த முறை நான் தொலைக்கவில்லை. பெயரில் எழுத்துப் பிழை இல்லை, இடைவெளி சரி. வியாழக்கிழமை செய்யாத சோதனையை அப்போது செய்தேன். பொய்ப் பெயர், மைனஸ், திறந்தேன். கதவு அகலத் திறந்தது. குழுவிலேயே இல்லாத இன்னொரு பொய்ப் பெயருக்கு மைனஸ் மட்டும் போட்டுப் பார்த்தேன். அதற்கும் திறந்தது! அதாவது, "இவரை விடாதே" என்று எழுதினால் "இவரை விடு" என்று சர்வர் படித்துக்கொண்டிருந்தது.

மாணவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வருகைப் பதிவு குறைந்தவர்கள் பட்டியல் ஒன்றை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறார்கள். மேலே, 'கீழ்க்கண்டவர்களுக்கு ஹால் டிக்கெட் கிடையாது' என்று தலைப்பு. புதிதாக வந்த கிளார்க் தலைப்பைப் படிக்கவில்லை. பெயர்களை மட்டும் படித்து, அவர்களைத் தேடித் தேடிப் போய் ஹால் டிக்கெட்டைக் கையில் கொடுக்கிறார். பின்வரிசையில் சிலர் முகம் மலர்வது தெரிகிறது. அப்படிப்பட்ட கிளார்க்தான் அந்தப் பதிப்பில் இருந்த பிழை.

இந்தப் பிழைக்கு ஊரறிந்த நம்பர் உண்டு: சி.வி.இ. 2008-4577. மென்பொருள்களில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்கு 1999 முதல் உலகப் பொதுவாக இப்படி நம்பர் கொடுத்து வருகிறார்கள். டவ்காட் 1.1.4க்கு முந்தைய பதிப்புகளில், அனுமதிகளைக் கவனிக்கும் பகுதி, மறுக்கும் உரிமையைக் கொடுக்கும் உரிமையாக எடுத்துக்கொள்கிறது என்று அதில் இருக்கிறது. அடுத்த நம்பரான 4578ம் அதே பகுதியில் இருந்த இன்னொரு ஓட்டை: உள்ஃபோல்டர் திறக்கும் உரிமையை வைத்துக்கொண்டு, அனுமதி இல்லாத இடத்தில் பேரன் ஃபோல்டர் வரை உண்டாக்கிவிடலாம். இரண்டையும் சரிசெய்த 1.1.4 எப்போது வந்தது தெரியுமா? 2008 அக்டோபரில்.

நான் மைனஸ் போட்டது 2009 ஜனவரியில். மருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதுவும் இலவசம். அறிவிப்பு என் மெயில் பெட்டிக்கே வந்திருந்தது. "பொங்கல் லீவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு ஃபோல்டரில் தள்ளி வைத்திருந்தேன். பொங்கலுக்கு நான் ஊருக்குப் போய்விட்டேன்.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று. இந்த மாதிரித் தவறு நடக்கும் என்று 1975லேயே ஒரு கட்டுரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர், கம்ப்யூட்டரில் தகவலைப் பாதுகாப்பது எப்படி என்று சில கோட்பாடுகளைச் சொன்னார்கள். அதில் ஒன்று: யாரை விடக் கூடாது என்று எழுதாதே, யாரை விடலாம் என்று எழுது. காரணமும் சொல்கிறார்கள். 'விடலாம்' பட்டியலில் பிழை வந்தால் உரியவருக்கே கதவு திறக்காது; அவர் உடனே வந்து சத்தம் போடுவார், பிழை வெளிப்பட்டுவிடும். 'விடக் கூடாது' பட்டியலில் பிழை வந்தால் உரிமை இல்லாதவருக்குக் கதவு திறக்கும். எல்லாம் வழக்கம்போல நடக்கும், யாரும் புகார் சொல்ல வரமாட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆறு வருஷமாக அந்த ஆபீசில் "எனக்கு ஃபோல்டர் திறக்கலை" என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! "எனக்குத் தேவையில்லாதது திறக்குது" என்று வந்தவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவரை நான் என்ன செய்தேன் என்பதுதான் நான் சொல்ல வந்த கதை.

அன்று மாலைக்குள் புதிய பதிப்பைப் போட்டு, சோதித்து, மைனஸையும் எடுத்துவிட்டு மூன்று பெயர் எழுதினேன். பிறகு பெர்சனல் மேனேஜரிடம் போனேன். "அந்த ஃபோல்டரில் ஒரு சின்னக் கோளாறு இருந்தது சார், சரி பண்ணிட்டேன்" என்றேன். சின்னக் கோளாறு! அவர் கெட்டிக்காரர்.

"யாராவது பார்த்தாங்களா?"

இந்த இடத்தில் ஒரு நுணுக்கம். எங்கள் சர்வர் லாக்கில் யார் எப்போது உள்ளே வந்தார், எப்போது போனார் என்று இருக்கும். யார் எந்த மெயிலைப் படித்தார் என்று அப்போது நாங்கள் எழுத வைக்கவில்லை. திங்கட்கிழமை காலை லாக்கில் அந்தத் தம்பியின் பெயர் இருந்தது. ஆபீசில் இருந்த எல்லாருடைய பெயரும் இருந்தது. அவர் திறந்தார் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, டீக்கடையில் அவரே சொன்னது.

நான் பெயரைச் சொல்லிவிட்டேன்.

"அனுமதி இல்லாத ஃபோல்டருக்குள்ள போயிருக்கான். நாளைக்கே மெமோ. செட்டில்மென்ட்டை நிறுத்தி வைங்க" என்றார். "அவரா போகலை சார், சர்வர்தான்..." என்று நான் ஆரம்பித்தேன். "கதவு திறந்திருந்தா உள்ள போயிடறதா? உங்க வீட்டுக் கதவு திறந்திருந்தா நான் வரலாமா?" என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். பதில் இல்லாமல் இல்லை. பதில் சொன்னால், கதவு ஏன் திறந்திருந்தது, மருந்து எப்போது வந்தது என்று அடுத்த கேள்வி வரும். லிஸ்ட்டில் இன்னும் இடம் இருந்த காலம் அது.

அவர் கேட்டதும் நியாயமான கேள்விதான், ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்க செனட்டிலேயே இதே கேள்வி வந்தது. நீதித்துறைக் குழுவில் இரண்டு கட்சி ஊழியர்களும் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள். 2001ல், அனுபவம் குறைந்த ஒரு நிர்வாகி புதிய கணக்குகளுக்கு அனுமதியைச் சரியாகப் பூட்டாமல் விட்டார். எதிர்க்கட்சி ஃபோல்டர்கள் திறந்து கிடப்பதை ஒரு ஊழியர் கண்டுபிடித்தார். யாரிடமாவது சொன்னாரா? 2003 வரை எடுத்துக்கொண்டே இருந்தார்; பத்திரிகைக்கு வந்த பிறகுதான் விஷயம் உடைந்தது. செனட்டின் சார்ஜன்ட் வில்லியம் பிக்கிள் விசாரித்து 2004 மார்ச்சில் அறிக்கை கொடுத்தார். இறக்கிக்கொண்ட கோப்புகள் 4,670. பூட்டாத கதவுக்குள் போனது குற்றமா என்று அங்கேயும் வக்கீல்கள் வாதாடினார்கள்.

ஒரு கதவு தற்செயலாகத் திறந்ததும், முதல் மெயிலில் தன் தலையெழுத்தையே பார்த்தும், அடுத்ததைப் படிக்காமல் மூடிவிட்டு என்னிடம் வந்தவருக்கும், இரண்டு வருஷம் மூட்டை கட்டியவருக்கும் ஒரே மெமோவா? நம் நாட்டுச் சட்டமும் இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ன் 43ஆம் பிரிவு, அனுமதியின்றி நுழைவதைச் சொல்கிறது. அதற்கு நஷ்ட ஈடு. சிறைத் தண்டனை வருவது 66ஆம் பிரிவில்; 2009 அக்டோபர் 27 முதல் அமலுக்கு வந்த திருத்தத்தின்படி, நேர்மையின்றியோ மோசடியாகவோ செய்திருக்க வேண்டும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்த சட்டம். அன்றைக்குச் சட்டம் தெரியாமல் நான் வாயை மூடவில்லை.

செவ்வாய்க்கிழமை மெமோ போயிற்று. அந்தத் தம்பி மாடிப்படியில் என்னைக் கடந்து போனார். நின்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "வணக்கம் சார்" என்றார், வழக்கம்போல.

புதன்கிழமை ராத்திரி எம்.டி.க்கு ஒரு பக்கம் கடிதம் எழுதினேன். பிழையின் நம்பர், திருத்தம் வந்த மாதம், நான் தள்ளிப்போட்ட கதை, சோதிக்காமல் பஸ்ஸைப் பிடித்தது, கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னவர் யார் என்பது, எல்லாம். வியாழக்கிழமை கூப்பிட்டார். கடிதம் மேஜையில் இருந்தது.

"மூணு மாசம் முன்னாடியே மருந்து வந்துடுச்சா?"

"ஆமாம் சார்."

"அப்ப நோய் அந்தப் பையனுக்கா, உங்களுக்கா?"

மெமோவைத் திரும்ப வாங்கினார்கள். எனக்கு அந்த வருஷம் இன்க்ரிமென்ட் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. ஆனால் லிஸ்ட் லிஸ்ட்தான். அந்தத் தம்பி பிப்ரவரி கடைசியில் போனார், முழு செட்டில்மென்ட்டோடு, கறுப்புப் புள்ளி இல்லாத சர்டிபிகேட்டோடு. சினிமாவாக இருந்தால் எம்.டி. மனம் மாறி வேலையைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

மாணவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம் மட்டும். அந்தப் பிழையோடு கதை முடிந்ததா என்றால் இல்லை. 2010ல் அதே அனுமதிப் பகுதியில் அண்ணன் தம்பி மாதிரி இன்னும் சில வந்தன. ஒன்றில், தபால் பெட்டிக்குக் கொடுத்த அனுமதி, புதிதாகத் திறக்கும் ஃபோல்டர்களுக்கும் தானாக ஒட்டிக்கொண்டது. இன்னொன்றில், பழைய அனுமதிக்குப் பதிலாக வைக்க வேண்டிய புது அனுமதியை, பழையதோடு கூட்டிக்கொண்டது. கழிக்கச் சொன்னால் கூட்டுவது, மாற்றச் சொன்னால் சேர்ப்பது. அனுமதி விஷயத்தில் கம்ப்யூட்டர் தப்புப் பண்ணும்போது பெரும்பாலும் தாராள மனசோடுதான் பண்ணும் போலிருக்கிறது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கவனித்து, எழுதி அனுப்பி, சில நாளில் திருத்தம் வந்தது. திருத்தம் போடுகிறவர்கள் என்னைப் போல இருந்தால் அவர்கள் என்ன செய்ய முடியும்?

இன்றைக்கு மாடிப்படிக்குக் கீழே சர்வர் வைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மெயிலே, சென்னையில் வளர்ந்த ஜோஹோவின் தளத்துக்கு மாறிவிட்டதாக 2025ல் செய்தி படித்தோம். நாளைக்கு அந்த மாதிரி இடத்தில் அனுமதிப் பட்டியலைப் படிக்கும் நிரலை எழுதப் போவது, இதோ பின்வரிசையில் இருக்கும் உங்களில் ஒருவராக இருக்கலாம். விதியும் மாறியிருக்கிறது. அனுமதியில்லாமல் தகவல் எட்டப்பட்டது தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 ஏப்ரலில் உத்தரவு போட்டார்கள். நான் உண்மையைச் சொல்ல மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.

போன மாதம் நம் செயலாளர் பழைய போட்டோக்களை அனுப்பச் சொல்லி ஒரு லிங்க் கொடுத்தார் அல்லவா? அதில் 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம், மாற்றலாம்' என்று இருந்தது. போட்டோவோடு, இன்றைய விருந்துக்குச் சமையல்காரரிடம் பேசிய தொகையும் எனக்குத் தெரிந்தது. முதல் வரியோடு மூடிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். முழுக்கப் படித்தேன். பாயசம் இரண்டு வகை. படித்த கையோடு செயலாளருக்குப் போன் பண்ணிச் சொல்லியும் விட்டேன்; இப்போது பூட்டிவிட்டார்.

அந்தத் தம்பி இன்று தாம்பரம் பக்கம் சொந்தமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார். தீபாவளிக்குத் தீபாவளி பேசிக்கொள்வோம். திங்கள் சாயங்காலம் பெர்சனல் மேனேஜர் அறையில் அவர் பெயரைச் சொன்னது நான்தான் என்று இத்தனை வருஷம் நான் அவரிடம் சொன்னதில்லை. போன வாரம் போன் பண்ணி, இந்த மாதிரி ஒரு கூட்டத்தில் பேசப் போகிறேன், அந்தக் கதையைச் சொல்லப் போகிறேன், அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தெரியும் சார்" என்றார். "உங்களைத் தவிர நான் யார்கிட்டயும் சொல்லலையே." பிறகு, "பேசுங்க சார். என் பேர் மட்டும் போட வேண்டாம்" என்றார்.

போடவில்லை.